பாலமா, கடலடிச் சுரங்கமா? தோங்ஹாயும் ஹாங்காங்–ஜூஹாய்–மக்காவும்

ஷாங்காயிலிருந்து யாங்ஷான் துறைமுகத்துக்குப் போகும் தோங்ஹாய் பாலத்தின் நீளம் 32.5 கி.மீ. 2005 டிசம்பரில் திறந்தார்கள். வழியில் சுரங்கமே கிடையாது. 2018-இல் திறந்த ஹாங்காங்–ஜூஹாய்–மக்காவ் இணைப்பு 55 கி.மீ.; அதில் 6.7 கி.மீ. கடலுக்கடியில் போகிறது. இரண்டும் ஆறு தடச் சாலைகள்தான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

பெரிய கப்பல் எந்தப் பக்கம் வருகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. யாங்ஷான், பாலத்தின் கடல் பக்க முனையில் உள்ளது. ராட்சதக் கன்டெய்னர் கப்பல்கள் வெளிக்கடலிலிருந்து நேராகத் துறைக்கு வந்துவிடும். பாலத்தைக் கடக்க வேண்டியதில்லை. அதனால் 5,000 டன் கப்பல்களுக்கான 40 மீட்டர் உயரமும், தூண்களுக்கிடையே 420 மீட்டர் இடைவெளி விட்ட கேபிள் பாலமும் போதுமாயின. ஹாங்காங்–ஜூஹாய்–மக்காவ் இணைப்பு கடக்கும் முத்தாற்று (Pearl River) முகத்துவாரத்தில் நிலைமை வேறு. அங்கே பெருங்கப்பல்களின் பாதை குறுக்கே ஓடுகிறது. பக்கத்திலேயே ஹாங்காங் விமான நிலையம். பாலத்தை உயர்த்தினால் கோபுரம் விமானத்துக்கு இடையூறு, தாழ்த்தினால் கப்பலுக்கு இடையூறு. சுரங்கத்தைத் தவிர வழியில்லை.

அதற்குக் கொடுத்த விலை பெரிது. சாலை கடலுக்குள் இறங்கி ஏற இரண்டு செயற்கைத் தீவுகள் தேவைப்பட்டன. 180 மீட்டர் நீளமும் சுமார் 80,000 டன் எடையும் கொண்ட கான்கிரீட் குழாய்களை மிதக்கவிட்டு இழுத்துவந்து, தோண்டிய பள்ளத்தில் இறக்கினார்கள். பள்ளத்தில் வண்டல் படிந்தால் குழாய் சரியாக உட்காராது. 15-ஆவது குழாயை இதனாலேயே திருப்பிக் கொண்டுபோக நேர்ந்தது. மூன்றாவது முயற்சியில், 2015-இல்தான் இறங்கியது.

தோங்ஹாயில் 60, 70 மீட்டர் உத்திரங்களை முழுதாக வார்த்து, மிதவைக் கிரேனால் தூக்கி வைத்தார்கள். பிறகு இடைவெளிகளில் கான்கிரீட் ஊற்றித் தொடர் உத்திரமாக்கினார்கள். கடலில் ஆட்கள் வேலை செய்யும் நாட்கள் இதனால் வெகுவாகக் குறைந்தன. நடுக்கடலில் வானிலை அனுமதிக்கும் நாட்களே சொற்பம் என்பதால் இந்த முறைக்கே என் ஓட்டு.

பராமரிப்பில் பாலத்தின் எதிரி உப்பு. அலை தெறித்து நனைந்து காயும் பகுதிதான் முதலில் கெடும்: உப்பிலுள்ள குளோரைடு உள்ளே ஊறிக் கம்பி துருப்பிடிக்கும், துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். நிலக்கரிச் சாம்பலும் இரும்பு உலைக் கசடும் கலந்த அடர்ந்த கான்கிரீட்டும், கம்பிக்கு மேல் தடித்த மூடலும் வேண்டும். சுரங்கத்தில் கவலை குழாய் இணைப்புகளில் நீர் கசியாமல் அடைக்கும் ரப்பர் பட்டை. அதோடு காற்றோட்டம், தீ. எரியக்கூடிய சரக்கு ஏற்றிய லாரிகளுக்குச் சுரங்கங்களில் கட்டுப்பாடு வரும். துறைமுகச் சாலைக்கு அது பெரிய இடைஞ்சல்.

தோங்ஹாயில் எனக்குக் குறையாகப் படுவது ரயில் தடம் இல்லாததே. பலத்த காற்றிலும் மூடுபனியிலும் பாலத்தை மூடினால் லாரிகள் நின்றுவிடும், கன்டெய்னர்கள் துறையில் குவியும்.