நூற்றுக்கு நூறு வாங்கிய தளத்தை நம்பி ஏமாந்தேன்

எனக்குப் பார்வை இல்லை. கணினியில் என்விடிஏ, போனில் டாக்பேக், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் இந்த இரண்டு ஸ்க்ரீன் ரீடர்களின் குரலைப் பிடித்துக்கொண்டுதான் இணையத்தில் நடமாடுகிறேன். ஒரு சமூக வலைத்தளத்தில் சேர்ந்து மூன்று மாதம் பட்ட பாட்டை எழுதுகிறேன். தளத்தின் பெயர் வேண்டாம். சொன்னால் அந்த ஒன்றை மட்டும் தவிர்த்துவிட்டு, அதேபோல் இருக்கும் வேறொன்றில் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

முகப்பில் இருந்த அறிவிப்பைக் கேட்டுத்தான் சேர்ந்தேன். மாற்றுத்திறனாளிகள் எல்லா வசதிகளையும் பயன்படுத்தலாமாம், இணையதளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைக்கச் சொல்லும் டபிள்யூசிஏஜி 2.2 நெறிமுறைப்படி, ஏ-க்கு அடுத்த படியான டபுள் ஏ தரமாம், தளங்களைத் தானாகச் சோதிக்கும் கூகுளின் லைட்ஹவுஸ் கருவியில் நூற்றுக்கு நூறாம். நான் சும்மா நம்புகிற ஆள் இல்லை. முகப்புப் பக்கத்தில் அந்தச் சோதனையை நானே ஓட்டிப் பார்த்தேன். உண்மையிலேயே 100. அங்கேதான் கோட்டை விட்டேன்.

இந்த மாதிரித் தானியங்கிச் சோதனை, படத்துக்கு மாற்று உரை, அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் எழுத்து, இருக்கிறதா என்று பார்க்கும். அந்த உரையில் 'படம் 1' என்று மட்டும் இருந்தாலும் பாஸ் போட்டுவிடும். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு 4.5:1 இருக்கிறதா என்று கணக்குப் போடும். ஒரு பட்டனைத் தட்டியபின் என்ன நடந்தது என்பது எனக்குப் புரிந்ததா என்று அதற்குத் தெரியாது. மனிதர்கள் கையால் சோதிக்க வேண்டியவை வேறு இருக்கின்றன என்று லைட்ஹவுஸே தன் அறிக்கையில் சொல்லிவிடுகிறது. மதிப்பெண்ணைக் கேட்ட சந்தோஷத்தில் அதை நான் தாண்டிப் போய்விட்டேன். மேலும் நான் பார்த்தது வாசலை மட்டும்தான். லாகின் செய்தபின் வரும் பக்கங்கள் எதையும் சோதிக்கவில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். அமைப்புகள் பக்கத்தில் 'என் பதிவுகளை நண்பர்கள் மட்டும் பார்க்கலாம்' என்று ஒரு வரி. டேப் விசையைத் தட்டிக்கொண்டே போனால் பக்கத்திலிருக்கும் சுவிட்ச் சிக்கவே இல்லை. அம்புக்குறியால் வரிவரியாக இறங்கியபோதுதான் அகப்பட்டது. அங்கே நின்றதும் ஸ்க்ரீன் ரீடர் சொன்னது 'கிளிக்கபிள்' என்ற ஒரே வார்த்தை. ஆனில் இருக்கிறதா, ஆஃபில் இருக்கிறதா? சத்தமே இல்லை. என்டர் தட்டினேன். அப்போதும் சத்தமில்லை. சரி, ஆன் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அது முன்பே ஆனில்தான் இருந்திருக்கிறது. நான் தட்டித்தான் ஆஃப் ஆகியிருக்கிறது! பார்க்கிறவர்களுக்குப் பச்சை சாம்பலாக மாறியிருக்கும், அவ்வளவுதான். என் சிகிச்சை பற்றி நெருங்கியவர்களுக்கென்று எழுதியதெல்லாம் மூன்று மாதம் ஊரே பார்க்கும்படி திறந்து கிடந்தது. முன்பின் தெரியாத ஒருவர் வந்து எனக்கு மருத்துவ ஆலோசனை சொன்னபோதுதான் விழித்தேன்.

ஒரு கருவியின் பெயர், அது என்ன வகை, இப்போது எந்த நிலையில் இருக்கிறது, இந்த மூன்றையும் ஸ்க்ரீன் ரீடருக்குச் சொல்லியாக வேண்டும் என்பது டபிள்யூசிஏஜியின் 2008-ல் வந்த 2.0 பதிப்பிலேயே இருக்கும் விதி. அதுவும் டபுள் ஏ கூட இல்லை, அடிப்படையான ஏ தரம். அழகாகத் தெரிய வேண்டுமென்று சொந்தமாக ஒரு சுவிட்ச் செய்யாமல், இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியிலேயே சும்மா கிடக்கும் செக்பாக்ஸைப் போட்டிருந்தால் எந்தப் பிரச்சினையும் வந்திருக்காது.

புகார் செய்யப் போனேன். படிவத்தின் கடைசியில் படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேப்சா, ஒலி வழி கிடையாது. துழாவிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்து, நிரப்பியதெல்லாம் அழிந்தது. ஒரு வேலைக்குப் பல பக்கங்கள் தேவைப்பட்டால் அத்தனை பக்கமும் தரத்தில் இருந்தால்தான் அந்தத் தரத்தைச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அதே நெறிமுறையில் இருக்கும் நிபந்தனை. ஆக, இவர்கள் முகப்பில் மாட்டியிருக்கும் டபுள் ஏ வெறும் வாய்ச்சவடால்.

மின்னஞ்சலில் எழுதினேன். வலது கீழ் மூலையில் இருக்கும் மனித உருவ ஐகானைத் தட்டுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று பதில் வந்தது. தளத்தின் மேல் ஒட்டவைக்கும் இந்தக் கருவியை ஓவர்லே என்பார்கள். எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும், தானாக வாசிக்கவும் தொடங்கும். என் ஸ்க்ரீன் ரீடர் ஒரு பக்கம், அது ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்து பேசினால் சந்தைக் கூச்சல். அந்த சுவிட்ச் மட்டும் ஊமையாகவே இருந்தது. எந்தத் தளத்தையும் நெறிமுறைக்கு ஏற்றதாக ஆக்கிவிடும் என்று சொல்லி இப்படியொரு கருவியை விற்ற நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2025 ஜனவரியில் அறிவித்தது. அந்த ஐகானைக் கண்டால் எனக்கு இப்போது சந்தேகம்தான் முதலில் வருகிறது.

கை நடுக்கம் உள்ள நண்பர் ஒருவரும் அங்கே இருந்தார். 'தடை செய்', 'பகிர்' பட்டன்கள் குட்டி குட்டியாக ஒட்டிக்கொண்டு நின்றதால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைத் தட்டிவிட்டு வெளியேறிவிட்டார்.

இனி எந்தத் தளமாக இருந்தாலும் முதலில் வெற்றுக் கணக்கு ஒன்று. மவுஸைத் தொடாமல் ஒரு பதிவு போட்டு, அதை நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றி, பிறகு லாகின் செய்யாமல் போய் அந்தப் பதிவு தெரிகிறதா என்று பார்த்துவிடுவேன். ஒருவரைத் தடை செய்ய வருகிறதா, புகார் அனுப்ப முடிகிறதா, கடைசியில் கணக்கை மூட முடிகிறதா என்பதையும் பார்த்தபிறகுதான் சொந்தப் பெயரில் சேர்வேன். உள்ளே நுழைவதை எல்லாத் தளமும் சுலபமாக்கி வைத்திருக்கிறது. வெளியே வரும் வழியில்தான் அடைசல்.

என் கணக்கை மூட, தங்கை பக்கத்தில் உட்கார்ந்து மவுஸ் பிடிக்க வேண்டியிருந்தது. நேற்று அவளிடமே கேட்டுப் பார்த்தேன். முகப்பில் அந்த அறிவிப்பு அப்படியே இருக்கிறதாம்.