மாணவர் கஸ்டமரா, நம்ம பிள்ளையா?

ஊட்டிப் பக்கம் ஒரு கல்லூரி ஆபீஸில் சில வருடம் கிளார்க்காக இருந்தேன். எங்களுக்குள் இரண்டு கட்சி. மாணவர் கஸ்டமர், ஃபீஸ் கட்டுகிறார், வேலையை முடித்துக் கொடு என்பது ஒன்று. 'நம்ம பிள்ளைங்கப்பா, கடையா நடத்துறோம்?' என்பது மற்றொன்று.

காதுக்கு இனிமை இரண்டாவதுதான். ஆனால் கவுன்டரில் நடந்ததைச் சொல்கிறேன். புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்காக வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும், இங்கே படிக்கிறேன் என்பதற்குப் போனஃபைடு சான்றிதழ் கொடுங்கள் என்று கூடலூரிலிருந்து நடுவட்டம் வழியாக ஐம்பது கிலோமீட்டர் பஸ்ஸில் குலுங்கி வந்த ஒரு பெண், தண்ணீர் சொட்டும் குடையோடு நின்றாள். 'கண்ணு, சீல் வைக்கிறவர் லீவு, நாளைக்கு வா' என்றார் சீனியர், அன்பாகத்தான். சீல் அவர் டிராயரிலேயே கிடந்தது! கஸ்டமர் கட்சிக்காரர் சிரிக்கக்கூட மாட்டார், ஆனால் பத்து நிமிடத்தில் கொடுத்திருப்பார்.

சரி, அவர்கள் மட்டும் ஒழுங்கா? பச்சைத் தேயிலை விலை சரிந்த வருடம், ஃபீஸ் பாக்கி என்றால் ஹால் டிக்கெட் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் அவர்களே. முதல்வரிடம் மன்றாடித் தவணை வாங்கித் தந்தது அதே 'கண்ணு' சீனியர்.

சட்டப்படி மாணவர் நுகர்வோர் அல்ல என்று 2010இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதற்காக அலைய விடலாம் என்று அர்த்தமில்லையே. கவுன்டரில் நான் கஸ்டமர் கட்சி, ஃபீஸ் பாக்கியில் பிள்ளை கட்சி. அந்தப் பெண் மறுநாள் வரவில்லை, அடுத்த வாரம்தான் வந்தாள்.