ஓட்ட வேகத்தைக் கூட்டித் தருவதாக விற்கப்பட்ட பன்னிரண்டு வார அட்டவணை: ஓர் எச்சரிக்கை

"உங்களுக்கென்றே தயாரித்தது" என்று சொல்லி இணையத்தில் விற்கப்படும் டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் போட்டி) பயிற்சி அட்டவணை ஒன்றுக்குச் சென்ற ஆண்டு மார்ச் மாதம் 14,500 ரூபாய் கட்டினேன். ஆறாம் வாரத்தில் கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே எலும்பு நோவெடுத்து உட்கார்ந்துவிட்டேன். விற்றவரின் பெயரை இங்கே எழுதவில்லை. விவகாரம் நுகர்வோர் ஆணையத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது என்பது ஒரு காரணம். அவர் ஏற்கெனவே இரண்டு முறை பெயரை மாற்றிக்கொண்டுவிட்டதால் எழுதியும் பயனில்லை என்பது மற்றொன்று. ஆகவே ஆளைவிட, அவர் விற்ற சரக்கை அடையாளம் காட்டுவதே இந்தப் பதிவின் நோக்கம்.

நான் மண்டபத்துக்காரன், அப்போது வயது 41. எங்கள் பக்கத்தில் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் ஆண் கடல் கொந்தளிக்கும்போது பெண் கடல் குளம்போலக் கிடக்கும். அங்கேதான் சிறு வயது முதல் நீந்தி வளர்ந்தேன். சைக்கிளும் ஓரளவு பழக்கம். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம் என்று அமைந்த ஸ்பிரிண்ட் டிரையத்லானில் கலந்துகொள்ளலாம் என்ற ஆசை வந்தபோது, முதல் இரண்டும் என்னை அச்சுறுத்தவில்லை. ஓட்டம்தான் அடித்துப்போட்டது. ஐந்து கிலோமீட்டருக்கு 40 நிமிடம், அதாவது கிலோமீட்டருக்கு 8 நிமிடம். அதையும் மூச்சு வாங்க, முகம் சிவக்க ஓடித்தான் எடுத்தேன். அந்த வேகத்தைக் கூட்டும் வழியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் கைப்பேசியில் அந்த விளம்பரம் வந்தது: பன்னிரண்டே வாரத்தில் கிலோமீட்டருக்கு 2 நிமிடம் குறைத்துக் காட்டுவோம், ஒவ்வொருவருக்கும் தனி அட்டவணை, வாட்ஸ்அப்பில் தினமும் பயிற்சியாளரின் கண்காணிப்பு.

விற்றவர் தொலைபேசியில் இருபது நிமிடம் பேசினார். என் வயது, எடை, வாரத்துக்கு எவ்வளவு ஓடுகிறேன் என்பதையெல்லாம் கேட்டு, ஒரு படிவத்தையும் நிரப்பச் சொன்னார். வாரத்துக்கு மூன்று நாள், மொத்தம் 9 கிலோமீட்டர் என்று எழுதினேன். சான்றிதழ் கேட்டதற்கு ஒரு படம் அனுப்பினார். பதக்கம் அச்சிட்ட, முத்திரை வைத்த காகிதம். அது பயிற்சியாளர் சான்றிதழே அல்ல, ஏதோ ஒரு ஓட்டப் போட்டியை ஓடி முடித்ததற்கு எல்லோருக்கும் தரும் சான்றிதழ் என்பதை அன்றைக்கே பெரிதாக்கிப் படித்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது. ஜிபேயில் பணம் அனுப்பும்போது திரையில் வந்த பெயர் அவருடைய பெயராகவும் இல்லை, அவர் நடத்துவதாகச் சொன்ன நிறுவனத்தின் பெயராகவும் இல்லை. அதையும் பார்த்தேன், பார்த்துக்கொண்டேதான் அனுப்பினேன்.

பணம் போன நாற்பதாவது நிமிடத்தில் அட்டவணை வந்துவிட்டது. ஒரு மனிதனின் உடலையும் அவனுடைய வேலை நேரத்தையும் அவன் ஊரையும் கணக்கில் எடுத்துப் பன்னிரண்டு வாரத்துக்கு எழுத நாற்பது நிமிடம் போதுமா என்று கேட்கத் தோன்றவில்லை. சுறுசுறுப்பானவர் என்று மகிழ்ந்தேன். வாரம் 9 கிலோமீட்டர் ஓடியவனுக்கு முதல் வாரமே 22 கிலோமீட்டர். அதில் செவ்வாயன்று 400 மீட்டர் விரைவோட்டம் எட்டு முறை, வியாழனன்று இடைவிடாத வேக ஓட்டம், சனியன்று சைக்கிளிலிருந்து இறங்கியவுடன் மறுபடியும் வேக ஓட்டம். "ஈஸி" என்று பெயரிட்ட ஒரே ஓட்டத்துக்குக்கூட இதயத்துடிப்பு 150 வரை போகலாம் என்று எழுதியிருந்தது.

இங்கே ஏப்ரல், மே மாதங்களில் விடியற்காலை ஐந்தரை மணிக்கே புழுக்கம் தொடங்கிவிடும்; வியர்வை காயாது, சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். வெப்பத்தில் அதே முயற்சிக்கு வேகம் குறையும் என்பதும், உடல் அதற்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும் என்பதும் ஓட்டப் பயிற்சியில் அரிச்சுவடி. மே மாதத்தில் கச்சான் எழுந்த பிறகு கதையே வேறு: மேற்கே உச்சிப்புளிப் பக்கம் ஓடினால் காற்று முகத்தில் அறையும், மண்டபம் நோக்கித் திரும்பினால் முதுகைப் பிடித்துத் தள்ளும். ஒரே உழைப்பில் போகும்போது ஒரு வேகமும் வரும்போது வேறு வேகமுமாகக் கடிகாரம் காட்டும். அட்டவணையிலோ எல்லா நாளுக்கும் ஒரே எண். காற்றைப் பற்றிக் கேட்டதற்கு, "சார், சாக்கு சொல்லாதீங்க, டார்கெட்டை அடிங்க" என்று குரல் பதிவு வந்தது. கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்றபோது 2,200 ரூபாய்க்கு ஒரு பொடி டப்பா அனுப்பினார். உணவுப் பொருள் உறையில் இருக்க வேண்டிய 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் அதில் எங்கும் இல்லை. அதைக் குடிக்காமல் விட்டதுதான் இந்த விவகாரம் முழுவதிலும் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

ஐந்தாம் வாரம் வலக்காலின் உட்புற முன்னெலும்பில் வலி தொடங்கியது. முதலில் ஓடி முடித்த பிறகு, பிறகு ஓடும்போதே, கடைசியில் மாடிப்படி இறங்கும்போதும். தசை வலியானால் கை வைத்துத் தேய்க்கும் இடமெல்லாம் பரவலாக நோகும். இது அப்படியில்லை; ஒரு விரல் நுனி அளவு இடம், அங்கே அழுத்தினால் உயிர் போகும், அரை அங்குலம் தள்ளி அழுத்தினால் ஒன்றுமில்லை. இதை அப்படியே எழுதி அனுப்பினேன். "ரெண்டு நாள் ஐஸ் வைங்க சார், வலி மாத்திரை போட்டுட்டு ஓடுங்க, ப்ளானை மட்டும் விட்டுடாதீங்க" என்பதுதான் பதில். கோடைப் புழுக்கத்தில், உடலில் நீர் வற்றிய நிலையில், வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுவது சிறுநீரகத்துக்குக் கேடு என்பது அவருக்குத் தெரியாது போலும், அல்லது தெரிந்தும் பொருட்டில்லை போலும்.

இராமநாதபுரத்தில் எலும்பு மருத்துவரிடம் போனேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆரம்ப நிலையில் பெரும்பாலும் தெரியாது என்று சொல்லி அவர் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். அதில் தெரிந்தது, திரும்பத் திரும்ப விழும் பாரத்தால் எலும்பில் ஏற்படும் அழுத்தக் காயம். இன்னும் இரண்டு வாரம் ஓடியிருந்தால் விரிசல் விட்டிருக்கும் என்றார். அவர் விளக்கியதை டிரையத்லானுக்கு வரும் ஒவ்வொருவரும் கேட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நீச்சலிலும் சைக்கிளிலும் அந்த அடி கிடையாது. ஆகவே அவற்றில் வளர்ந்தவனுக்கு நெஞ்சும் மூச்சும் தயாராக இருக்கும், கால் எலும்பு தயாராக இருக்காது. புதிய பாரம் விழும்போது எலும்பு தன் பழைய பகுதியை முதலில் அரித்தெடுத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டுகிறது. அந்த இடைவெளியில், அதாவது தொடங்கிய சில வாரங்களில், எலும்பு முன்பைவிடச் சற்று இளைத்தே இருக்கும். என் அட்டவணை மிகக் கடுமையாக ஏறியது அந்த வாரங்களில்தான். மூச்சு இடம் கொடுத்ததால் நானும் ஏமாந்து ஓடினேன். எந்த உடற்பயிற்சியும் பழகாத ஒருவர் இதே அட்டவணையைப் பிடித்திருந்தால் இரண்டாம் வாரமே மூச்சு வாங்கி நிறுத்தியிருப்பார், கால் தப்பியிருக்கும்.

ஓடாமல் வீட்டில் கிடந்த நாள்களில் கீழக்கரையிலிருந்து நண்பர் ஒருவர் பேசினார். அவரும் இதே ஆளிடம், நீச்சல் சைக்கிள் எதுவும் இல்லாமல், அரை மராத்தானுக்கு என்று தனி அட்டவணை வாங்கியிருக்கிறார். "அண்ணே, ஒங்க தாளை அனுப்புங்க, ஒத்துப் பாப்போம்" என்றார். ஒத்துப் பார்த்தோம். ஓட்டத்துக்கான கட்டங்கள் பன்னிரண்டு வாரமும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. எனக்கு நீச்சலுக்கும் சைக்கிளுக்கும் இரண்டு பத்திகளை ஒட்டியிருந்தார், அவ்வளவுதான். இரண்டு தாளிலும் அதிகபட்ச இதயத்துடிப்பு 192 என்று இருந்தது. 220-இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய கணக்கின்படி 192 என்பது 28 வயதுக்காரருக்கு உரியது. நண்பருக்கு 33, எனக்கு 41. என் கணக்கு 179-தான் வரும். (அந்தச் சூத்திரமே பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் ஆகக்கூடியது என்பது வேறு விஷயம்.) எளிதாக ஓடு என்று எனக்குச் சொன்ன 150 என்பது அந்த 28 வயதுக்காரரின் உச்சத்தில் 78 விழுக்காடு, என் உச்சத்தில் 84. ஆக, அட்டவணையில் நான் எளிதாக ஓடிய நாள் என்று ஒன்றுகூட இருந்ததில்லை.

ஏழாம் வாரம் சனிக்கிழமைக் கட்டத்துக்கு வந்தபோது இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. வெளியே பனி கொட்டினால் ஓட்டத்தை உள்ளே டிரெட்மில்லுக்கு மாற்றிக்கொள்ளவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நம் மார்கழிப் பனியைச் சொல்லவில்லை. வெள்ளையாகக் கொட்டிப் பாதையை மூடும் பனியை. எந்தக் குளிர்நாட்டுக்காரர் எந்த 28 வயதுக்காரருக்கு எழுதியதோ, அதை அள்ளிக்கொண்டுவந்து மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் ஆளுக்கொரு விலையில் விற்றிருக்கிறார்.

மருத்துவர் உடனே நீந்த அனுமதித்தார். மூன்று வாரம் கழித்துச் சைக்கிள். ஏழு வாரம் கழித்து, இரண்டு நிமிடம் ஓட்டம் ஒரு நிமிடம் நடை என்று திரும்பத் தொடங்கினேன். அதன் பிறகு இரண்டு மாதம், பக்கத்தில் ஒருவர் வந்தால் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்துக்கு மேல் போகவே இல்லை. கிலோமீட்டருக்கு எட்டரை, சில நாள் ஒன்பது நிமிடம். வெட்கமாகத்தான் இருந்தது, நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள்கூட முந்திவிடுவார்களோ என்று. அக்டோபரில்தான் வாரம் ஒரு நாள், மெதுவோட்டத்தின் கடைசியில், இருபது விநாடி விரைந்து ஓடி மூச்சு தணியும்வரை நடப்பது என்று நான்கைந்து முறை சேர்த்தேன். சைக்கிளிலிருந்து இறங்கியதும் கால் நம்முடையதாகவே இருக்காது. அதற்காக வாரத்தில் ஒரு நாள் இறங்கியவுடன் பத்து நிமிடம் மட்டும், வேண்டுமென்றே மெதுவாக ஓடினேன். ஜனவரியில் ஐந்து கிலோமீட்டரை 36 நிமிடம் 30 விநாடியில் ஓடினேன். கிலோமீட்டருக்கு 42 விநாடி குறைந்திருக்கிறது. விளம்பரம் சொன்ன இரண்டு நிமிடத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை. ஆனால் வலி இல்லாமல் வந்தது, செலவில்லாமலும் வந்தது. வாடைக்காற்றுக் காலத்தின் குளிர்ச்சிக்கும் அதில் பங்கு உண்டு என்பதை மறைக்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது முதலில் விதிமுறையில் இல்லை என்றார், பிறகு என் எண்ணை முடக்கிவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் தமிழிலேயே பேசிப் புகாரைப் பதியலாம்; பதிந்தேன். ஆனால் அங்கிருந்து கேள்வி அனுப்பவும் எதிர்த்தரப்புக்கு ஒரு முகவரி வேண்டும். என்னிடம் இருந்ததோ ஒரு கைப்பேசி எண்ணும் வேறு யாரோ ஒருவரின் வங்கிப் பெயரும் மட்டுமே. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை, இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். சட்டம் இவ்வளவு வழி விட்டிருந்தும், அறிவிப்பு அனுப்பும் முகவரிக்காக இன்னும் அலைந்துகொண்டிருக்கிறேன். ஆகவே பயிற்சியாளர் யாராக இருந்தாலும் பணம் அனுப்புவதற்கு முன்பு முகவரியோடு கூடிய ரசீது கேளுங்கள். தரத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் அனுப்பினால் யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று பெரிதாக்கிப் படியுங்கள். முதல் வாரத்தின் கிலோமீட்டரை இப்போது நீங்கள் ஓடும் கிலோமீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரட்டிப்புக்கு மேல் இருந்தால் நீங்கள் நிரப்பிய படிவத்தை எவரும் படிக்கவில்லை என்று பொருள்.

இதே ஆளிடம் ஏற்கெனவே வாங்கியவர்கள் வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல், யுபிஐ பரிவர்த்தனை எண்ணையும் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். நான்கைந்து பேருடைய பதிவுகள் சேர்ந்தால் முகவரியைக் கண்டுபிடிப்பது எளிதாகலாம். இன்று அவர் எந்தப் பெயரில் விற்கிறார் என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. சந்தேகம் வந்தால் ஏழாம் வாரம் சனிக்கிழமைக் கட்டத்தைப் பாருங்கள். பனி கொட்டிக்கொண்டிருந்தால் அது இவர்தான்.