கார் ரேடியோ இரைகிறது என்று கடைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

திருகோணமலை நகரில் கார் ரேடியோவும் கேமராவும் பூட்டித்தரும் ஒரு கடையில், இரண்டு மாதத்துக்குள் மூன்று முறையாக 83,500 ரூபா கொடுத்தேன். இரைச்சல் அப்படியே இருந்தது. அதைத் தீர்த்து வைத்த மனிதர் என்னிடம் வாங்கியது 1,800 ரூபா. முறைப்பாடு கொடுத்திருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் இன்னொருவர் இப்படி ஏமாறக் கூடாது என்பதற்காக நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

என்னுடையது ஜப்பானில் இருந்து வந்த பழைய சிறிய கார். வேலை மூதூரில், வீடு உப்புவெளியில். வெள்ளிக்கிழமைகளில் அப்பாவும் என்னோடு வருவார், மூதூரில் இருக்கும் மாமி வீட்டுக்கு. வழிநெடுக வானொலிச் செய்தி கேட்பதுதான் அவருக்கு அந்தப் பயணத்தின் பாதி இன்பம். கண் பார்வை மங்கிவிட்டதால், செட்டின் மூன்றாவது பொத்தானில் வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி வைத்திருந்தார். விரலால் தடவிப் பார்த்து அழுத்தினால் அவருடைய நிலையம் வந்துவிடும்.

மார்ச் மாதம் அந்தக் கடையில் முன்கண்ணாடிக்கு ஒரு கேமரா பூட்டினேன். அடுத்த வெள்ளிக்கிழமை சீனக்குடாவைத் தாண்டியதும் செய்தியின் மேல் வண்டு இரைவது போல ஒரு சத்தம் ஏறியது. கிண்ணியாப் பாலத்துக்கு வந்தபோது வாசிப்பவரின் குரலே அதில் மூழ்கிவிட்டது. நகருக்குள் அலை பலமாக இருந்ததால் இரைச்சல் மெல்லியதாகவே கேட்டது, அதுவரை நான் அதைக் கவனிக்கவில்லை.

திரும்பவும் அதே கடைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி பத்து விநாடி ரேடியோவைப் போட்டுப் பார்த்தார். "அண்ணன், பழைய ஜப்பான் செட்டில் எஃப்.எம். 76இல் தொடங்கி 90இல் முடிந்துவிடும். எக்ஸ்பாண்டர் போட்டுத்தான் எங்கள் நாட்டு நிலையங்களை எடுக்கிறார்கள். அதுதான் இரைகிறது. செட்டை மாற்றுங்கள்" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் நம்பினேன். ஜப்பானில் எஃப்.எம். அலைவரிசை வேறு, இங்கே 88 முதல் 108 வரை. அந்தப் பழைய செட்டுகளுக்கு ஏரியல் வயரில் எக்ஸ்பாண்டர் என்ற அந்தச் சிறு பெட்டி தேவை என்பதும் சரி. ஆனால் அதே பெட்டியோடு ஆறு வருடம் இரைச்சல் இல்லாமல் கேட்டிருக்கிறேனே! அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. புதிய தொடுதிரை செட் 46,000 ரூபா. பழையதை 4,000 ரூபாவுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

புதிய செட்டிலும் அதே வண்டு இரைந்தது. இம்முறை முதலாளியே வந்தார். எஞ்சினோடு சுற்றிப் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவில், மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் டயோட் போய்விட்டது என்று, காரைச் சுற்றிவந்தபடியே சொல்லிவிட்டார். பற்றரியில் மீட்டர் வைக்கவில்லை. பொனட்டைக்கூடத் திறக்கவில்லை. கூலியோடு 38,000 ரூபா. அந்த நேரத்தில் எஞ்சின் ஓடவே இல்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கொதிக்கிறது. சாவி முதல் நிலையில் இருந்தது, டைனமோ சுற்றவில்லை, ரேடியோ இரைந்துகொண்டிருந்தது. எனக்கு அது தெரியாமல் இருக்கலாம்; அந்தத் தொழில் செய்கிறவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

மூன்றாவது முறை மின்வயரில் இரைச்சலைத் தடுக்கும் ஒரு பில்டர் போட்டு 3,500 ரூபா வாங்கினார்கள். அதன் பிறகு, "இந்தக் காருக்கு இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார்கள்.

அநுராதபுரச் சந்திப் பக்கத்தில் வாகன மின்வேலை செய்யும் ஓர் ஐயா இருக்கிறார், அறுபதைக் கடந்தவர். காரைத் தொடுவதற்கு முன் நான்கு கேள்வி கேட்டார். எப்போது தொடங்கியது? அதற்கு முன் காரில் புதிதாக என்ன பூட்டினீர்கள்? எஞ்சின் நின்றிருக்கும்போதும் இரைகிறதா? கைபேசிப் பாட்டைப் போட்டால் இரைகிறதா? கடைசிக் கேள்விக்கு எனக்கே பதில் தெரியாது. போட்டுப் பார்த்தோம். பாட்டு சுத்தமாகக் கேட்டது.

"அப்படியானால் செட்டிலும் குறை இல்லை, கரண்ட் வயரிலும் குறை இல்லை தம்பி" என்றார். செட்டை முன்னுக்கு இழுத்து, பின்னால் இருந்த ஏரியல் பிளக்கைப் பிடுங்கினார். வண்டுச் சத்தம் நின்றது. நிலையம் இல்லாத இடத்தில் வரும் மெல்லிய காற்றொலி மட்டும் மிஞ்சியது. மின்வயர் வழியாக வரும் இரைச்சலாக இருந்தால் ஏரியலைக் கழற்றினாலும் இரைந்துகொண்டே இருக்கும் என்று விளக்கினார். பிறகு ஏரியலை மீண்டும் செருகி, பியூஸ் பெட்டியில் கேமராவுக்குப் போகும் பியூஸை உருவினார். வாசிப்பவரின் குரல் கண்ணாடி போலத் தெளிந்து வந்தது. இவ்வளவும் நடந்து முடியக் கால் மணி நேரம் ஆகவில்லை.

முன்கண்ணாடியின் இடப்பக்கத் தூணின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிக் காட்டினார். மேலிருந்து இறங்கும் ஏரியல் வயரும் கேமராவின் மின்வயரும் ஒன்றோடு ஒன்று ஒட்டி, நான்கு இடத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. கட்டியது அந்தக் கடைதான். கேமராவுக்கு 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும் சிறு பெட்டி விநாடிக்கு இலட்சக்கணக்கான முறை மின்னை வெட்டி வெட்டி விடுகிறது. மலிவான பெட்டிகளில் அந்த வெட்டு அலையைத் தடுக்கும் பாகங்களைச் சரியாகப் போடுவதில்லை. அது வயர் வழியே ஏறி, பக்கத்தில் கிடக்கும் ஏரியலுக்குள் புகுந்துவிடுகிறது. அவர்கள் வேலையின் பிழையை மறைக்க என்னையே மூன்று முறை பணம் கட்ட வைத்திருக்கிறார்கள்.

கூரையில் ஏரியலின் அடிப்பகுதியையும் ஐயா கழற்றினார். எங்கள் கடற்காற்று அதை விட்டுவைக்கவில்லை. திருகாணியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. அடிப்பகுதிக்கும் கார் உடம்புக்கும் இடையில் மின்தடை 30 ஓமுக்கு மேல் என்று மீட்டர் காட்டியது. உப்புத்தாளை விரல் நுனி அளவுக்கு மடித்து, உலோகம் பளபளக்கும் வரை தேய்த்து, கிறீஸ் தடவிப் பூட்டியதும் அது அரை ஓமுக்குக் கீழே இறங்கியது. அந்தப் பிடிப்பு கெட்டால் ஏரியல் வயரின் உலோக மேலுறை வெளி இரைச்சலைத் தடுக்கும் தன் காவல் வேலையைச் செய்யாது என்றார். கேமரா வயரை வலப்பக்கத் தூணுக்கு மாற்றி, நல்ல சார்ஜர் ஒன்றைப் போட்டு, வயரில் இரைச்சலை அடக்கும் ஒரு பெரைட் வளையமும் மாட்டினார். எல்லாவற்றுக்கும் 1,800 ரூபா.

அவரிடம் கேட்டு அறிந்ததை இங்கே எழுதுகிறேன், கடைக்குப் போகுமுன் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கீச்சென்ற சத்தம் உயர்ந்துகொண்டே போனால், அப்போது டைனமோவையோ எர்த் இணைப்பையோ சந்தேகிக்கலாம். எஞ்சின் வேகத்தோடு டிக் டிக் என்று வெடித்தால், எஞ்சினில் தீப்பொறி உண்டாக்கும் பிளக், அதன் வயர், கொயில் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மத்திய அலையில் அது இன்னும் பலமாகக் கேட்கும். வைப்பரோ ஏசி காற்றாடியோ ஓடும்போது மட்டும் வந்தால் அந்த மோட்டார். எஞ்சின் நின்றிருந்தும் ஒரே அளவில் இரைந்தால் சார்ஜர், கேமரா, மலிவான எல்.ஈ.டி. பல்ப் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். இதற்குச் செலவு ஏதும் இல்லை. யாராவது உங்களிடம் செட்டை மாற்றச் சொன்னால், முதலில் ஏரியல் பிளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பழைய டைனமோவை நான் வற்புறுத்திக் கேட்டு வாங்கி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. டைனமோ பழுது பார்க்கும் இன்னோர் இடத்தில் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். 14.1 வோல்ட் கொடுத்தது, டயோட்டுகள் எல்லாம் நல்ல நிலையில். அதோடு கடைக்குப் போனேன். "பூட்டிய பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்" என்பதுதான் பதில். அவர்கள் தந்த பற்றுச்சீட்டில் கடையின் பெயர் இல்லை. "ரேடியோ வேலை" என்ற இரண்டு சொல்லும் தொகையும் மட்டும். பணம் கொடுக்கும்போதே பொருளின் பெயர், விலை, கூலி, உத்தரவாதம் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற எண்ணில் பேசலாம்; முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். என்னுடையதைக் கொடுத்துவிட்டேன், விசாரணைத் திகதிக்குக் காத்திருக்கிறேன்.

ரேடியோ இப்போது தெளிவாகக் கேட்கிறது. ஆனால் தொடுதிரையில் அப்பாவின் விரலுக்குப் பிடிபட ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முறையும் நான்தான் நிலையத்தைப் போட்டுக் கொடுக்கிறேன். பழைய செட்டைத் திருப்பிக் கேட்டேன், விற்றுவிட்டதாகச் சொல்கிறார்கள். திருகோணமலையிலோ கிண்ணியாவிலோ யாராவது அண்மையில் பழைய ஜப்பான் செட் வாங்கியிருந்தால் தயவுசெய்து மூன்றாவது பொத்தானைப் பாருங்கள். அதில் வெள்ளைப் பெயின்ட் புள்ளி இருந்தால் எனக்கு அறிவியுங்கள். நீங்கள் கொடுத்த விலைக்கே வாங்கிக்கொள்கிறேன்.