பிரேக் சர்வீஸ் என்று 18,600 பிடுங்கிவிட்டார்கள்: உள்பக்கப் பேடைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று மாலைதான் விஷயம் தெரிந்தது. இன்னும் கோபம் அடங்கவில்லை.

எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கிற பெரிய சர்வீஸ் சென்டர் அது. கண்ணாடிக் கதவு, காத்திருக்க சோபா, போனில் ஆப் வழியாக முன்பதிவு. பெயரைப் போடவில்லை. போட்டால் இந்தப் பதிவையே தூக்க வைத்துவிடுவார்கள் என்று பயம்.

என் காரில் பிரேக் மிதித்தால் முன்சக்கரத்தில் கீச்சென்று சத்தம். அதற்காகத்தான் போனேன். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புத் தட்டுதான் டிஸ்க். அதை உள்ளும் வெளியுமாக இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற உரசுக் கட்டைகள்தான் பேட். அட்வைசர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பேட் முடிஞ்சு போச்சு மேடம். டிஸ்க்கையும் லேத்துல லேசா சீவணும். பிரேக் ஆயிலும் மொத்தமா மாத்திடலாம். குடும்பத்தோட போற வண்டி, இதுல கஞ்சத்தனம் பார்க்காதீங்க" என்றார். அந்தக் கடைசி வரியில்தான் விழுந்தேன். பின் சீட்டில் என் குழந்தை உட்கார்ந்து வருகிற வண்டி. சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

மாலையில் வண்டியை எடுக்கப் போனபோது, அவராகவே கூட்டிப்போய்ச் சக்கரத்தின் ஸ்போக் இடுக்கு வழியாக டார்ச் அடித்துக் காட்டினார். "பாருங்க, புத்தம் புதுசு." நானும் குனிந்து பார்த்தேன். பெயின்ட் கூட மங்காத புதுப் பேட் பளிச்சென்று தெரிந்தது. பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவையும் காட்டினார். மேக்ஸ் கோடு வரை நிறைந்திருந்தது. இவ்வளவு காட்டுகிற ஆள் ஏமாற்றுவாரா? நன்றி வேறு சொல்லி 18,600 கட்டினேன்.

நான்கு நாள் கழித்து லேசான உரசல் சத்தம். போன் செய்தேன். "புதுப் பேட் அப்படித்தான் மேடம், 300 கிலோமீட்டர் ஓடட்டும்." புதுப் பேட் டிஸ்கோடு படிய அந்த அளவு ஓட வேண்டும் என்பது உண்மைதான். அதனால் நம்பினேன். அடுத்த வாரம் கேட்டால், "ராத்திரி ஈரத்துல டிஸ்க் துருப்பிடிக்கும், நாலு தடவை மிதிச்சா போயிடும்." அதுவும் பாதி உண்மை. ஆனால் என் வண்டியில் நாற்பது தடவை மிதித்தும் போகவில்லை. மூன்றாவது முறை நேரிலேயே போனேன். வண்டியைத் தொடக்கூட இல்லை. நான் ஓட்டுகிற விதம் சரியில்லையாம். கடைசியில், "வீட்டுல சார் இருந்தா பேசச் சொல்லுங்க, அவருக்குப் புரியும்" என்றார். பணம் கட்டும்போது மட்டும் நான் போதுமாக இருந்தேன்.

23ஆம் நாள், மிதித்தால் இரும்பும் இரும்பும் கரகரவென்று அரைக்கிற சத்தம். பெடல் வழியாகவே காலில் தெரிந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் தனியாகக் கடை வைத்திருக்கிற மெக்கானிக் அண்ணனிடம் மெதுவாக உருட்டிக்கொண்டு போனேன். சக்கரத்தைக் கழற்றி, பேடுகளைப் பிடித்திருக்கிற காலிப்பரைத் தூக்கி, இரண்டு பேடையும் என் கையில் கொடுத்தார். வெளிப்பக்கத்துப் பேட் புதுசு, கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர் கனம். உள்பக்கத்துப் பேடில் உரசுகிற பொருளே இல்லை, வெறும் இரும்புத் தகடு. மறுபக்கச் சக்கரத்திலும் இதே கதை. ஸ்போக் வழியாகக் கண்ணுக்குத் தெரிகிற இரண்டு பேடை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்! முன்பக்க செட் ஒன்றில் நாலு பேட் வரும். மீதி இரண்டு எந்த ஏமாளியின் வண்டியில் இருக்கிறதோ.

இதைவிட மோசம் ஒன்று. பேட் தேய்ந்து தீரப்போகும்போது டிஸ்கில் உரசிக் கீச்சிடுவதற்கென்றே ஒரு சின்ன எஃகு நாக்கு இருக்கும். நான் முதலில் கேட்ட சத்தம் அதுதான். பழைய உள்பேடில் இருந்த அந்த நாக்கைப் பிளையரால் பின்பக்கம் மடக்கிவிட்டிருந்தார்கள். பிளையரின் பல் பதிந்த தடம் அப்படியே இருந்தது. எச்சரிக்கை மணியை அறுத்துவிட்டு, அதற்கு என்னிடம் 18,600 வாங்கியிருக்கிறார்கள்.

உள்பேட் மட்டும் ஏன் இப்படித் தேய்ந்தது என்று அண்ணனிடம் கேட்டேன். என் வண்டியில் இருக்கிற மாதிரி காலிப்பரில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் உண்டு. நாம் மிதிக்கிற மிதியை பூஸ்டர் பெருக்கிக் கொடுக்க, மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். அந்த அழுத்தத்தில் பிஸ்டன் உள்பேடை டிஸ்கில் அழுத்தும். உடனே காலிப்பர் மொத்தமும் உள்பக்கமாக வழுக்கி, வெளிப்பேடை மறுபுறத்திலிருந்து இழுத்து ஒட்ட வைக்கும். வழுக்குவதற்கு கிரீஸ் போட்ட இரண்டு பின்கள் உண்டு. அவை இறுகிவிட்டால் உள்பேட் மட்டும் தேயும். என் வண்டியில் பின் இரண்டையும் சுத்தியலால் தட்டித்தான் எடுத்தார். அவற்றைச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கப் பத்து நிமிடம் போதும். பில்லில் அதற்கும் ஒரு வரி இருக்கிறது, 'காலிப்பர் சர்வீஸ்' என்று.

ஆயிலும் மாற்றவில்லை. மாற்றுவதென்றால் ஒவ்வொரு சக்கரத்திலும் ப்ளீடர் ஸ்க்ரூவைத் திறந்து பழையதை வெளியேற்ற வேண்டும். என் வண்டியில் ப்ளீடரின் ரப்பர் மூடி மேல் சேறு காய்ந்து, உடையாமல் அப்படியே இருந்தது. திறந்து எடுத்தால் கரும்பழுப்பு நிறத்தில் வந்தது. பேட் தேயத் தேய டப்பாவில் மட்டம் தானாக இறங்கும். அதில் கொஞ்சம் ஊற்றி மேக்ஸ் கோட்டைத் தொட வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்கிற தர வகை ஆயிலுக்குக் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், தண்ணீர் ஏறியபின் அந்த அளவு 155. நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்து அது கொதித்து ஆவியானால், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. குழந்தையோடு இந்த ஆயிலில்தான் 23 நாள் ஓட்டியிருக்கிறேன்.

டிஸ்க் சீவியதாகச் சொன்னதும் பொய். ஓரத்தில் பழைய விளிம்பு நகத்தில் தட்டியது. இப்போது உள்பக்கம் பள்ளம் பள்ளமாக உழுதுவிட்டதால் டிஸ்க்கே புதிதாக வாங்க வேண்டும். அது 18,600 போக இன்னொரு செலவு.

நேற்றே போட்டோ அனுப்பினேன். வந்த பதில்: "வெளியே கழற்றிவிட்டதால் வாரண்டி செல்லாது."

பராமரிப்பு பற்றி விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது பொறுமை இல்லை. இதை மட்டும் செய்யுங்கள். சக்கரத்தைக் கழற்றி உள், வெளி இரண்டு பேடையும் காட்டச் சொல்லுங்கள், ஸ்போக் வழியாகப் பார்த்தது கணக்கில்லை. 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிடுங்கள். கழற்றிய பழைய சாமானை எண்ணி வாங்குங்கள், முன்பக்கம் என்றால் நாலு. ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, டப்பா மூடியில் போட்டிருக்கிற டாட் வகையே. டாஷ்போர்டில் பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஆயில் ஊற்றி அணைக்காதீர்கள், பேட் தேய்ந்திருக்கும் அல்லது எங்கோ கசியும். கரகர சத்தம் வந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள், என்னைப் போல் போனில் சமாதானம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

மடக்கிய நாக்கோடு அந்த இரண்டு பேடும் என் மேசை மேல் இருக்கின்றன. திங்கட்கிழமை பில்லையும் இவற்றையும் எடுத்துக்கொண்டு போகிறேன். நானேதான் பேசப்போகிறேன், 'வீட்டுல சார்' வரமாட்டார்.