புகைப்பவர்களிடம் சிஓபிடியைத் தேடுதல்: வரும்வரை காத்திருப்பதா, கடிதம் அனுப்புவதா?

சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களில் கணிசமானோர், அது தமக்கிருப்பது தெரியாமலேயே ஆண்டுக்கணக்கில் நடமாடுகிறார்கள். புகைப்பவர்களிடையே அவர்களை அடையாளம் காணக் குடும்ப மருத்துவருக்கு மூன்று வழிகள் உண்டு. அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாருக்கும் ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதுசோதனையைச் செய்யலாம்; வேறு காரணத்துக்காக வருபவரிடம் மூச்சுத் தொந்தரவுகள் பற்றிய வினாத்தாளைக் கொடுத்து விசாரித்து, தொந்தரவு உள்ளவரை மட்டும் ஊத வைக்கலாம்; அல்லது அதே வினாத்தாளை வராதவர்களுக்கும் அஞ்சலில் அனுப்பலாம்.

முதல் வழியை அமெரிக்க நோய்த்தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2016-லும் 2022-லும் நிராகரித்தது. அறிகுறியற்றவரிடம் நோயைக் கண்டுபிடிப்பதால் அவருக்கு நன்மை விளைகிறது என்பதற்குச் சான்று இல்லை என்பதே காரணம். இச்சோதனை ஒருமுறை ஊதிவிட்டுப் போகும் காரியமும் அல்ல. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, வாய்க்குழாயை உதடுகளால் இறுகக் கவ்வி, செவிலியர் "இன்னும், இன்னும்" என்று சொல்லச் சொல்லக் காற்று தீரும்வரை ஊத வேண்டும். பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தைக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் ஊதச் சொல்ல வேண்டும். முதல் நொடியில் வெளிவரும் காற்று மொத்தக் காற்றில் 70 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் அடைப்பு உண்டென்று கொள்கிறார்கள். ஆனால் வயது ஏற ஏற இந்த விகிதம் இயல்பாகவே குறைவதால், நலமான முதியவர் சிலரும் நோயாளிகளாகக் கணக்கிடப்படுகிறார்கள்.

மற்ற இரண்டு வழிகளையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தது, இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதியில் 54 மருத்துவ நிலையங்களில் நடந்து 2016-இல் வெளியான டார்கெட்சிஓபிடி ஆய்வு. புகைப்பழக்கம் உள்ள அல்லது முன்பு இருந்த 40 முதல் 79 வயதினரில், நோய் கண்டறியப்படாத 74,818 பேர் அதில் அடங்குவர். ஓராண்டில், நேரில் வந்தவரிடம் மட்டும் கேட்ட நிலையங்களில் சுமார் 2 சதவீதத்தினரிடமும், அஞ்சலும் சேர்த்து அனுப்பிய நிலையங்களில் சுமார் 5 சதவீதத்தினரிடமும் நோய் தெரியவந்தது. வழக்கமான கவனிப்பில் இது 1 சதவீதமே. செலவிலும் கடிதமே முந்தியது: ஒரு நோயாளியைக் கண்டறிய 333 பவுண்டு, மற்றதற்கு 376 பவுண்டு.

இதில் வியப்பில்லை. மூச்சு வாங்குகிறவர் அதற்காக மருத்துவரிடம் போவதற்கு முன்பே, மாடிப்படியைத் தவிர்க்கவும் நடையைக் குறைக்கவும் பழகிவிடுகிறார். காலைச் சளியைப் புகைப்பவருக்கு உரியதுதான் என்று ஒதுக்கிவிடுகிறார். "உங்களுக்கு ஏதாவது தொந்தரவு உண்டா" என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்பவர்கூட, "மேட்டில் ஏறும்போது நிற்க வேண்டியிருக்கிறதா" என்ற கேள்விக்கு ஆம் என்று குறியிடுவார். அறிகுறியற்றவர் என்ற வகையே எவ்வளவு தளர்வானது என்பதை இது காட்டுகிறது.

ஐந்து கேள்விகளோடு, தேவைப்பட்டவருக்கு உச்ச ஊதுவேகத்தையும் அளக்கும் கேப்ச்சர் என்ற எளிய முறையும் உண்டு. அமெரிக்காவில் 4,325 பேரிடம் செய்து 2023-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், சிகிச்சை தேவைப்படும் அளவிலான நோயுள்ளவர்களில் அது 48.2 சதவீதத்தினரையே பிடித்தது. பாதிக்கு மேற்பட்டோரைத் தவறவிடும் சல்லடையைத் தனியாக நம்புவது கடினம்.

கண்டறிந்தபின் என்ன என்ற கேள்விக்குக் கனடாவிலிருந்து 2024-இல் ஒரு பதில் வந்தது. தொலைபேசி வழியே தேடிக் கண்டுபிடித்த 508 பேரில் ஆஸ்துமா நோயாளிகளும் இருந்தனர். நுரையீரல் நிபுணரிடம் சிகிச்சை பெற்றவர்கள் மூச்சுக் கோளாறுக்காக மருத்துவ உதவியை நாடியது ஆளுக்கு ஆண்டுக்கு 0.53 முறை, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் 1.12 முறை. புகையை விடச் செய்வதில் எண்ணைச் சொல்லும் விதமும் கணக்கில் வருகிறது. 2008-இல் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் 561 பேரிடம் செய்த ஆய்வில், சோதனை முடிவை "நுரையீரலின் வயது" என்று விளக்கிச் சொன்னபோது 13.6 சதவீதத்தினரும், விளக்கமின்றி வெறும் அளவைக் கொடுத்தபோது 6.4 சதவீதத்தினரும் ஓராண்டுக்குப் பின் புகையை விட்டிருந்தனர். ஆகவே, ஊத வைக்கப் பழகிய செவிலியரும் முடிவை விளக்க நேரமுள்ள ஒருவரும் அமையும்வரை, கடிதங்களை அஞ்சலில் சேர்க்காமலிருப்பதே மேல் என்பேன்.