மொட்டையாக நின்றால்தான் புலி தெரியும்: அட்டைப்பட விலங்குகளோடு ஏழு ஆண்டுகள்

என் கணினியில் 31 விலங்குகள் கிடக்கின்றன. எல்லாம் முப்பரிமாண (3D) மாடல்கள்: விரும்பியபடி நிறுத்தி, வெளிச்சம் வைத்துப் படமாக்கிக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்கியவை, தள்ளுபடியில் அள்ளியவை, இலவசமாக இறக்கியவை எல்லாம் சேர்த்த கணக்கு. அட்டைப்பட வேலைக்கு உண்மையிலேயே ஆகிறவை ஆறு. மிச்சம் 25-ஐ ஏன் வாங்கினேன் என்று யோசித்தால், பெரும்பாலும் விளம்பரப் படத்தில் ரோமம் அழகாக இருந்ததுதான் காரணம்.

புத்தக அட்டை வடிவமைப்பது என் தொழில். சிறு பதிப்பகங்கள், கிண்டிலில் தாங்களே வெளியிடும் எழுத்தாளர்கள் என்று வேலை வரும். காட்டுக் கதை, சிறார் கதை, கிராமத்து நாவல் என்றால் அட்டையில் ஏதாவது ஒரு விலங்கு வந்து நின்றுவிடும். புகைப்படம் வாங்கிப் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். ஒரே புத்தகம் என்றால் தாராளமாகப் போதும். மூன்று பாகக் கதையில் அதே நாய் முதல் அட்டையில் உட்கார்ந்து, இரண்டாவதில் ஓடி, மூன்றாவதில் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றால் எந்தப் புகைப்படக்காரரிடம் போவது? ஏஐ-யில் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது அட்டைக்குள் நாயின் காது மாறிவிட்டது. போதாக்குறைக்கு, 2023 செப்டம்பரிலிருந்து அமேசான் கேடிபி-யில் (எழுத்தாளர்கள் தாங்களே நூல் வெளியிடும் தளம்) அட்டைப்படம் ஏஐ செய்ததா என்று சொல்லியாக வேண்டும். அதற்கு ஆமாம் போட எல்லா எழுத்தாளர்களுக்கும் மனம் வருவதில்லை.

முதலில் வாங்கியது ஒரு புலி. கூடவே அதற்கான ரோமச் சொருகி, அதாவது 3D மென்பொருளோடு சேர்த்து ரோமம் வைக்கும் துணை நிரல். கடையின் பெயர் வேண்டாம். படத்தில் மாலை வெயில் பட்டுப் பிடரி மயிர் பொன்னாக மின்னியது. ஒரு மாதம் கழித்துப் பதுங்கும் புலி கேட்டு வேலை வந்தது. முன்காலை மடக்கினேன், தோள்பட்டை, மிதித்த தண்ணீர் பாட்டில் மாதிரி உள்ளே போய்விட்டது. அதுவரை ரோமம் அதை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. சரி, இன்னும் கொஞ்சம் ரோமம் வைத்து மூடிவிடலாம் என்று இரண்டு இரவு போராடினேன். புலி பதுங்கவில்லை, குளிருக்குச் சால்வை போர்த்தியதுபோல் உட்கார்ந்திருந்தது. அடுத்த ஆண்டு மென்பொருளைப் புதுப்பித்ததும் அந்தச் சொருகியும் வேலை செய்யவில்லை. அது வாரிவைத்த ரோமத்தை வேறு எதிலும் திறக்கவும் வழி இல்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். எந்த மாடலானாலும் ரோமத்தையும் டெக்ஸ்சரையும் (மேலே ஒட்டிய தோல் படம்) கழற்றி, களிமண் சாம்பல் நிறத்தில் மொட்டையாக நிறுத்துவேன். பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு. உட்கார வை, தலையைத் திருப்பு, ஒரு முன்காலைத் தூக்கு. இந்த மூன்றிலும் எங்கேயும் கசங்காமல் நின்றால் மேற்கொண்டு பேசலாம். பூனைக் குடும்பம் என்றால் இன்னொன்றும் பார்ப்பேன்: பதுங்கி நடக்கும்போது தோள்பட்டை எலும்பு முதுகுக்கு மேலே எழும்ப வேண்டும். அந்த எலும்பை ஏற்றி இறக்க ரிக்கில் (மாடலை அசைக்க உள்ளே வைத்த எலும்புக்கூடு) வழியே இல்லாத புலிகள்தான் சந்தையில் அதிகம். அடுத்து கண். புலிக்குக் கண்மணி வட்டம். கோடு மாதிரி இருந்தால் அது வீட்டுப் பூனையைப் பெரிதாக்கியது. காதின் பின்பக்கம் வெள்ளைப் பொட்டு இருக்கிறதா என்றும் திருப்பிப் பார்க்க வேண்டும். முதுகுப் பக்கமிருந்து காட்டும் அட்டையில் அதுதான் முதலில் கண்ணில் படும். ரோமம் இல்லாத படம் ஒன்றுகூட போடாத விற்பனையாளரிடம் நான் இப்போது வாங்குவதே இல்லை.

யானையில் ரோமம் பிரச்சினையே இல்லை என்று நினைத்து ஏமாந்தேன். அங்கே ஆளே மாறிவிடும். கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பங்கு ஆப்பிரிக்க யானை. நம் யானைக்குக் காது சிறிது, நெற்றியில் இரட்டை மேடு, முதுகு வில்போல் மேலே வளைந்திருக்கும், தும்பிக்கை நுனியில் ஒரே விரல். ஆப்பிரிக்க யானைக்கு முதுகு நடுவில் குழியும், நுனியில் இரண்டு விரல் இருக்கும். முதுமலையில் நடக்கும் கதை ஒன்றுக்கு அவசரத்தில் ஆப்பிரிக்க யானையின் காதை மட்டும் சுருக்கி வைத்தேன். பதிப்பாளர் அண்ணன் பார்த்துவிட்டு, “தம்பி, யானை நல்லா இருக்கு, ஆனா விசா எடுத்து வந்த மாதிரி இருக்கே” என்றார். மறுபேச்சுப் பேசாமல் மாற்றிக் கொடுத்தேன். ஆசிய யானை என்று தலைப்பிலேயே போட்டிருந்தாலும் முதுகையும் தும்பிக்கை நுனியையும் பார்க்காமல் வாங்காதீர்கள்.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது காங்கயம் காளை. மாடு என்று தேடினால் ஹோல்ஸ்டீன், ஆங்கஸ்தான் வரும். திமில் இல்லாத இனங்கள். திமில் உள்ள பிரம்மன் காளை ஒன்றை வாங்கி, பிளெண்டர் என்ற 3D மென்பொருளில் காதைக் குறுக்கி, அலைதாடியை (கழுத்தில் தொங்கும் தோல்) குறைத்து, கொம்பைப் புதிதாகச் செய்தேன். உடம்பு அமைந்துவிட்டது. நிறத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

பிளெண்டரில் முடியின் நிறத்தையும் மினுக்கத்தையும் முடிவு செய்யும் பிரின்சிபிள்டு ஹேர் ஷேடரில் மெலனின் என்று ஒரு அளவு உண்டு. 0 என்றால் வெள்ளை, 1 என்றால் கருப்பு. மயிலைக் காளை சாம்பல் நிறம்தானே, 0.5 வைத்தால் சரியாகிவிடும் என்று வைத்தேன். செம்பட்டையாகக் காளை வந்து நின்றது. அந்த ஷேடர் உண்மையான முடியில் உள்ள நிறமி மாதிரி கணக்குப் போடுகிறது. நிறமி பாதி இருந்தால் முடி பழுப்பாகத்தான் இருக்கும், சாம்பலாகாது. நரைத்த தலையைக் கண்ணாடியில் உற்றுப் பார்த்த அன்றுதான் விடை கிடைத்தது. நரையில் சாம்பல் முடி என்று தனியாக எதுவும் இல்லை. வெள்ளையும் கருப்பும் கலந்து கிடக்கின்றன, கண்தான் சேர்த்துச் சாம்பல் என்கிறது. உடனே இரண்டு ரோம அடுக்கு போட்டேன். ஒன்று வெள்ளை, ஒன்று கருப்பு. அடியில் தோலையும் கருப்பாக்கினேன். திமிலிலும் முன்கழுத்திலும் தொடையிலும் கருப்பின் அடர்த்தியைக் கூட்டி, வயிற்றுப் பக்கம் குறைத்தேன். பத்தே நிமிடத்தில் மயிலை வந்தது. இதே கதையில் கன்றுக்குட்டியும் இருந்தது. காங்கயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருந்து ஆறு மாத வாக்கில்தான் சாம்பலாகும். அந்த 0.5 அங்கே உபயோகப்பட்டது.

முடித்த படத்தை ஊரில் பெரியப்பாவிடம் காட்டினேன். கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோய், “ஏங்கண்ணு, நெத்தியில சுழியே இல்லையே? சுழி இல்லாத மாட்ட எவன் வாங்குவான்?” என்றார். மாடு பிடிக்கப் போனால் முதலில் சுழி பார்க்கிற ஊர் அது. சுழி எந்த வகை, ஏறுபூரானா இறங்குபூரானா என்று பார்த்து விலையே மாறும். நானோ முகத்து முடி முழுவதையும் மூக்கிலிருந்து நெற்றிக்கு ஒரே போக்கில் வாரியிருந்தேன்.

சுழி போடுவது இப்படி. நெற்றி நடுவில் ஒரு புள்ளியைக் குறித்து, அதைச் சுற்றி 12 வழிகாட்டி முடிகளை (மற்ற முடிகள் இவற்றைப் பார்த்துத்தான் படியும்) வட்டமாக நடுவேன். சீப்புத் தூரிகையைச் சிறிதாக்கி, ஒவ்வொன்றையும் மையத்திலிருந்து வெளியே இழுத்து, முடிவில் லேசாக ஒரு பக்கம் திருப்புவேன். எல்லாம் ஒரே அளவில் திரும்பினால் தண்ணீர்த் தொட்டியின் ஓட்டை மாதிரி ஆகிவிடும். இரண்டு மூன்றை வேண்டுமென்றே சோம்பலாக விட வேண்டும். சுழியிலிருந்து கீழே இறங்குகிற முடியும் மூக்கிலிருந்து மேலே வருகிற முடியும் முட்டுகிற இடத்தில் ஒரு மெல்லிய வரப்பு எழும்பும். அந்த வரப்பில் வெளிச்சம் பட்டதும் காளைக்கு முகம் வந்தது.

எவ்வளவு முடி வைப்பது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். டெமி அளவு அட்டை, 5.5-க்கு 8.5 அங்குலம், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 1650-க்கு 2550 பிக்சல். கேடிபி மின்னூல் அட்டைக்கும் ஏறத்தாழ இதே அளவுதான், 1600-க்கு 2560. அரை மீட்டர் நீளமுள்ள காளைத் தலை 1200 பிக்சலில் அடங்கினால், ஒரு பிக்சல் 0.4 மில்லிமீட்டர். மாட்டு முடி அதில் எட்டில் ஒரு பங்கு பருமன்கூடத் தேறாது. ஆக, நிஜ எண்ணிக்கையில் முடி நட்டால் ஒரு பிக்சலுக்குள் எட்டுப் பத்து முடி நெரியும். மெமரி தீரும், படத்தில் மணல் தூவியதுபோல் இரைச்சல் வரும், கண்ணுக்கு ஒன்றும் கூடுதலாகத் தெரியாது. முடியை மூன்று மடங்கு தடிப்பாக்கி, எண்ணிக்கையை மூன்றில் ஒன்றாக்குகிறேன். ராஜபாளையம் நாய் மாதிரி குட்டை முடி இனம் என்றால் அதுவும் தேவையில்லை. வெள்ளை உடம்புக்கு நல்ல டெக்ஸ்சர் போதும், காது ஓரம், கழுத்து, தொடைப் பின்புறம், வால் என்று உருவத்தின் விளிம்பு தெரிகிற இடங்களில் மட்டும் நிஜ முடி. பின்னாலிருந்து ஒரு விளக்கு வைத்தால் அந்த விளிம்பு ஒளிர்ந்து, உடம்பு முழுக்க ரோமம் இருப்பதாக நம்ப வைத்துவிடும். மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு. கருப்பு மூக்கு வைத்தால் ராஜபாளையத்துக்காரர்கள் விட மாட்டார்கள்.

கருவிகள் பற்றி. டாஸ் ஸ்டுடியோ இலவசம், மாடல் வாங்கி நிறுத்திப் பார்க்க அதைவிட எளிதானது எனக்குத் தெரியவில்லை. 4.11 பதிப்பிலிருந்து இழை இழையாக முடி வைக்கும் எடிட்டரும் அதிலேயே உண்டு. இறுதிப் படத்தைக் கணக்கிட்டு எடுத்துத் தரும் அதன் ஐரே ரெண்டரில் ஒன்றை நினைவில் வையுங்கள்: காட்சி கிராபிக்ஸ் கார்டின் மெமரிக்குள் அடங்காவிட்டால் வேலை சிபியுவுக்குப் போய்விடும், பிறகு விடிய விடியக் காத்திருக்க வேண்டியதுதான். 8 ஜிபி கார்டு வைத்திருக்கும் நான் அங்கே நாயைத் தாண்டி ஆசைப்படுவதில்லை. பிளெண்டரில் பழைய பார்ட்டிகிள் முடி, புதிய கர்வ்ஸ் முடி என்று இரண்டு. கர்வ்ஸ் 2022 செப்டம்பரில் 3.3 பதிப்போடு வந்தது. 2023 மார்ச்சில் வந்த 3.5-ல் கொத்தாக்குவது, சுருட்டுவது, கலைப்பது எல்லாம் எடுத்துப் பொருத்திக்கொள்ளும் தயார் நோடுகளாகவே கிடைத்தன. புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேராகக் கர்வ்ஸுக்கே போங்கள். கொத்தின் அளவு பிடிக்கவில்லை என்றால் வாரியதை அழிக்காமல் மாற்றலாம். நான் அடர்த்தியைப் பார்ட்டிகிளில் தீட்டிப் பழகிய கை. குட்டை முடிக்கு இன்னும் பழையதைத்தான் தொடுகிறேன். பழக்கதோஷம்.

டாஸிலிருந்து பிளெண்டருக்குக் கொண்டுவரும்போது அளவைச் சரிபாருங்கள். முன்னதில் ஒரு அலகு ஒரு சென்டிமீட்டர், பின்னதில் ஒரு மீட்டர். இறக்கியதும் ஸ்கேலை அப்ளை செய்ய, அதாவது மாற்றிய அளவை நிலையாக்க, மறந்து ஒரு முயலுக்கு முடி நட்டேன். அறை முழுக்கத் தென்னந்துடைப்பம்.

உரிமத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, படித்துவிட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். எடிட்டோரியல் (செய்தி, கட்டுரைக்கு மட்டும்) என்று போட்டிருந்தால் விற்கிற புத்தகத்தின் அட்டைக்கு ஆகாது. இலவச மாடலில் என்சி (NC, வணிகத்துக்கு அல்ல) என்ற எழுத்து இருந்தாலும் ஆகாது. நான் வாங்கிய அன்றே உரிமப் பக்கத்தைப் பிடிஎஃப்-ஆக அந்த விலங்கின் ஃபோல்டரில் போட்டுவிடுவேன்.

அச்சு வேறு விளையாட்டு. திரையில் கருங்குதிரையின் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. அச்சாகி, பளபளப்பில்லாத மேட் லேமினேஷன் ஏறி வந்தபோது தார் ஊற்றிய மாதிரி ஒரே கருப்பு. இப்போது கருப்பு விலங்குக்கு நீல வெளிச்சம் ஒன்று கூடுதலாக வைத்து, சிஎம்ஒய்கே எனும் அச்சு நிற முறையில் நான்கு மையும் சேர்ந்து 300 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். சோதனைப் பிரதி ஒன்று கேட்டு வாங்குகிறேன். கேட்டால் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

இப்போது மேசையில் இருப்பது கரடி, நம் ஊர்த் தேன் கரடி. கடைகளில் கிரிஸ்லி, பனிக்கரடி, அமெரிக்கக் கருங்கரடி எல்லாம் வரிசையாக நிற்கின்றன. இது மட்டும் எனக்குத் திருப்தியாக ஒன்றும் கிடைக்கவில்லை. கருங்கரடியை மொட்டையடித்து மூக்கை நீட்டியிருக்கிறேன். வெளிறிய குட்டை முடி மூக்கில், கழுத்தைச் சுற்றிப் பரட்டை, மார்பில் வெள்ளை வளைவு, காலில் நீண்ட வெளிர் நகம். மூன்று விதமான முடி, மூன்று நீளம். பரட்டையை வாரத்தான் கை வரவில்லை. எவ்வளவு கலைத்தாலும் இப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு வந்ததுபோல் நிற்கிறது. கழுத்தை மட்டும் நாலாவது முறையாக அழித்துவிட்டு மறுபடி நட்டுக்கொண்டிருக்கிறேன்.